ஸ்கோப் இடித்துப் புருவம் கிழிந்தது – தப்பு சுட்டவனுடையதா, துப்பாக்கியைக் கையில் கொடுத்தவருடையதா?

செக்காலைக்காரன்:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும். சித்தப்பா லைசென்ஸ் வைத்திருக்கிறார், .30-06 என்கிற பெரிய தோட்டா போடுகிற போல்ட் ரைஃபிள். வெளிமாவட்டத்தில் துப்பாக்கி சுடுகிற ஒரு ரேஞ்சுக்கு என்னையும் கூட்டிப் போனார். காலேஜில் என்சிசியில் இருந்தபோது .22 டீலக்ஸ் ரைஃபிளில் சுட்டிருக்கிறேன், அதுவும் வெறும் கண்ணால் குறி பார்த்து. ஸ்கோப் (குறியைப் பெரிதாக்கிக் காட்டுகிற குழாய்) வைத்த பெரிய ரைஃபிளைத் தொட்டது இதுதான் முதல் தடவை. மேசையில் மணல் மூட்டை போட்டு, அதில் ரைஃபிளை வைத்து உட்கார்ந்து சுட்டேன். முதல் குண்டு குறியில் சரியாக விழுந்தது. ரைஃபிள் உதைத்தது, தாங்கிக்கொண்டேன். இரண்டாவதுக்கு இன்னும் தெளிவாகப் பார்க்க நினைத்து ஸ்கோப்பை 9 மடங்குக்குத் திருகினேன். உள்ளே வட்டத்தைச் சுற்றிக் கறுப்பாக வந்ததால் தலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன், படம் முழுசாகத் தெரிந்தது, விசையை அழுத்தினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கண்ணுக்குள் ரத்தம் வழிவதுதான். வலதுபுருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு கிழிசல். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். "இப்பத்தான் நீ ஷூட்டர்" என்று ஒருவர் முதுகில் தட்டினார்.

நாலு தையல். வருகிற வியாழக்கிழமை கானாடுகாத்தானில் அக்கா மகள் கல்யாணம், தாய்மாமன் நான்தான் முன்னால் நிற்க வேண்டும். அது போகட்டும். நான் கேட்க வந்தது இரண்டு விஷயம். இது எதனால் நடக்கிறது? இன்னொரு முறை நடக்காமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? சித்தப்பா "நீ தோளில் இறுக்கிப் பிடிக்கவில்லை" என்கிறார். நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன்.

கோட்டையூர் மச்சான்:

மாப்ளே, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பிறை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்களே அதற்கு 'ஸ்கோப் பைட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள், அவ்வளவு சாதாரணம். ஒரு தடவை வாங்கினால் அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தலை தானாகப் பின்னால் நிற்கும். வாய் வார்த்தையில் நூறு முறை சொல்வதைவிட அந்த ஒரு அடி நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, முதலில் உன் கண்ணைப் பற்றிச் சொல்லு. மற்றதெல்லாம் அப்புறம். நான் 31 வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதில் பெரும்பகுதி அவசரப் பிரிவில். புருவத்துக் காயத்தைப் பார்த்தால் எல்லாரும் தோலைத்தான் பார்ப்பார்கள். தோல் ஆறிவிடும். அதே அடி கண்ணுக்குள் என்ன செய்தது என்பதுதான் முக்கியம்.

பார்வை மங்கலாக இருக்கிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? கண்ணை மேலே கீழே உருட்டினால் வலிக்கிறதா? கறுப்புப் புள்ளிகள் மிதக்கிற மாதிரியோ, ஓரத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரியோ, ஒரு பக்கம் திரை இறங்குகிற மாதிரியோ தெரிகிறதா? கண்ணாடியில் பார்த்தால் கருவிழிக்கு முன்னால் அடியில் சிவப்பாக ரத்தம் தேங்கி நிற்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மதுரை அரவிந்த் இங்கிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரம்தான். ஒன்றும் இல்லை என்றாலும் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்த்துவிடச் சொல்லு. அடிபட்ட அன்று நன்றாக இருந்து சில வாரம் கழித்து விழித்திரை பிரிந்து வருவதும் உண்டு.

இன்னொன்று. மூக்கைச் சிந்தாதே. கண்ணைச் சுற்றிய மெல்லிய எலும்பில் விரிசல் இருந்தால், சிந்தும்போது மூக்குக் காற்று கண்குழிக்குள் ஏறி வீங்கும். வாந்தி, தூக்கக் கலக்கம், தலைவலி அதிகமாவது, இவை வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

டிடி ஊசி போட்டார்களா?

செக்காலைக்காரன்:

ஆச்சி, ரொம்ப நன்றி. பார்வை தெளிவாக இருக்கிறது, இரட்டையாகத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் எழுந்தால் மேல் இமை முழுக்கக் கறுத்து வீங்கிப் பாதிக் கண் மூடிக்கிடந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதே விட்டார்கள். அடி புருவத்துக்கு மேலேதானே, இமை ஏன் கறுத்தது? டிடி ஊசி போட்டார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லு. நெற்றியில் கசிந்த ரத்தம் தோலுக்கடியில் மெல்லக் கீழே இறங்கி இமையில் தங்கும். இமைத் தோல் மெல்லியது, அதனால் அங்கே கறுப்பு பளிச்சென்று தெரியும். கறுப்பு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிப் போக இரண்டு வாரம் ஆகலாம். வியாழக்கிழமைக்குள் போகாது, அதற்கு மனசைத் தயார் செய்துகொள். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் பத்து நிமிஷமாக வைக்கலாம். கண்மணியை அழுத்தக் கூடாது, புருவத்து மேட்டில்தான் வைக்க வேண்டும். இரவில் தலையணையைக் கொஞ்சம் உயரமாக வைத்துப் படு.

முகத்துத் தையலை ஐந்து நாளை ஒட்டிப் பிரித்துவிடுவார்கள், ரொம்ப நாள் விட்டால் தையல் தழும்பு தனியாக விழும். தையல் போடும்போது புருவத்தைச் சிரைத்தார்களா? சிரைக்காமல் இருந்தால் நல்லது. புருவம் திரும்பச் சரியாக முளைக்காமல் போகலாம், அதோடு புருவ முடியின் வரிசைதான் கிழிந்த இரண்டு ஓரத்தையும் நேராகச் சேர்க்க வழிகாட்டும். நான் வேலை பார்த்த இடத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். நெற்றியில் ரத்த ஓட்டம் அதிகம், சின்னக் கிழிசலே கொட்டு கொட்டென்று கொட்டும். பயந்துவிடாமல் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் "நின்றுவிட்டதா" என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றதும் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். உங்களை வளர்த்த அப்பத்தா வைத்திருப்பார்கள், எனக்கும் என் அப்பத்தா வைத்தார்கள். ஆனால் அந்தத் தூளைக் காயத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்த கை என்னுடையது. வாய் பிளந்த காயமென்றால் அன்றைக்கே தையல் போட்டுவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார், தேவகோட்டை:

காயத்தைப் பற்றி ஆச்சி சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஏன் நடந்தது என்பதற்கு வருகிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உந்தம் மாறாக் கோட்பாடு நடத்தும்போது துப்பாக்கியைத்தான் உதாரணம் சொல்வேன், இன்றைக்குத்தான் அதன் அடி வாங்கினவரோடு பேசுகிறேன்.

.30-06 இல் வழக்கமான ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை 180 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 11.7 கிராம். குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர். கிராமைக் கிலோவாக்கி இரண்டையும் பெருக்கினால் உந்தம் 9.6. வெடிமருந்து மூன்றரை கிராம் போல இருக்கும். அது எரிந்து வாயுவாகிக் குண்டைவிட வேகமாகக் குழல்வாய் வழியே பாய்வதால் இன்னொரு 4 சேரும். மொத்தம் 14 என்று வையுங்கள். அதே 14 பின்பக்கமாக ரைஃபிளுக்கும் வந்தாக வேண்டும். ரைஃபிள் எடை 3.6 கிலோ என்றால் அது நொடிக்கு 3.9 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. இயக்க ஆற்றல் 27 ஜூல். என்சிசியில் நீங்கள் சுட்ட .22 க்கும் அதே எடையை வைத்துக் கணக்குப் போட்டால், ரைஃபிள் நொடிக்குக் கால் மீட்டர்கூட நகராது, ஆற்றல் 0.1 ஜூல். இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். .22 இல் பழகிய உடம்புக்கு .30-06 பற்றி ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதற்கு அர்த்தம். அதில் உங்கள் குறை ஏதுமில்லை.

இன்னும் ஒன்று. 3.9 மீட்டர் வேகத்தில் வருகிற ஒரு பொருள் 5 சென்டிமீட்டரைக் கடக்க 13 மில்லி செகண்ட் போதும். ஒரு முறை இமைத்து முடிக்கவே 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். "உஷாராக இருந்திருந்தால் தலையை இழுத்திருக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மனிதனால் முடியாது.

இறுக்கிப் பிடிக்கவில்லை என்று உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை உண்டு. தளர்வாகப் பிடித்தால் ரைஃபிள் தோளில் வந்து சேருவதற்குள்ளேயே வேகம் பிடித்துவிடும். ஆனால் இறுக்கிப் பிடித்தாலும் தோள் பின்னால் போகும், ரைஃபிளும் அதோடு போகும். தலை கழுத்தின் மேல் நிற்கிறது, அது உடனே கூடப் போகாது, நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். ஆக, தலை நிற்கிறது, ஸ்கோப் வருகிறது. நடுவில் இருக்கிற இடைவெளிதான் உங்களைக் காப்பாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் பிடியும் காப்பாற்றாது.

பிறை மாதிரி ஏன் கிழிகிறது என்று கேட்டால், ஸ்கோப்பின் பின்விளிம்பு மெல்லிய உலோக வளையம், புருவ மேட்டிலோ தோலுக்கு அடியில் உடனே எலும்பு. தேய்த்து வைத்த மாவில் டப்பா மூடியை அழுத்தித் தட்டைக்கு வட்டம் வெட்டுவோமே, அதே வேலை. வளையத்தின் மேல்பாதி மட்டும் படுவதால் பாதி வட்டம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

வாத்தியார் ஐயா கணக்கு அருமை. தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. "கறுப்பாக வந்ததால் தலையை முன்னால் நகர்த்தினேன்" என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் அடி ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் பின் கண்ணாடியிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தால் முழுப் படமும் தெரியும் என்று ஒரு தூரம் உண்டு, ஐ ரிலீஃப் என்பார்கள். ரைஃபிள் ஸ்கோப்பில் பெரும்பாலும் 3 முதல் 4 அங்குலம், அதாவது 75 முதல் 100 மில்லிமீட்டர். கண் அதைவிடத் தள்ளிப் போனால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். புதிதாகச் சுடுகிற எவரும் அந்தக் கறுப்பைப் பார்த்தால் என்ன செய்வார்? தலையை முன்னால் கொண்டுபோவார். மடங்கு ஏற ஏறப் பல ஸ்கோப்புகளில் அந்தத் தூரம் இன்னும் குறையும், கண் நிற்க வேண்டிய இடமும் சின்னதாகிவிடும். நீங்கள் முதல் குண்டைக் குறைந்த மடங்கில் சுட்டுத் தப்பித்தீர்கள். 9 க்கு ஏற்றியதும் ஸ்கோப்பே உங்களை முன்னால் வரவைத்து அடித்தது.

இரண்டாவது, அந்த ஸ்கோப்பை யாருக்காக, எந்த நிலையில் வைத்துப் பொருத்தினார்கள்? சித்தப்பா உயரம் என்ன, உங்கள் உயரம் என்ன? அவர் நின்று சுடுகிறவரா? நிற்கும்போது தலை நிமிர்ந்து பின்னால் இருக்கும். மேசையில் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் சாயும், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஓர் அங்குலம் முன்னால் போய்ப் படும். குப்புறப் படுத்தால் இன்னும் மோசம். மலைச்சரிவில் மேல்நோக்கிச் சுட்டால் அதைவிட மோசம். நின்று சரிபார்த்த ஸ்கோப்பைப் படுத்துச் சுடுகிறவனிடம் கொடுப்பது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

எங்கள் யூனிட்டில் புதுப் பையன் ஒருவனுக்கு இப்படிக் காயம் பட்டால் அவனை யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த உஸ்தாதைத்தான் கேட்பார்கள். நான் உஸ்தாதாக நின்றிருக்கிறேன், கேட்கப்பட்டும் இருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், தம்பி மேல் தப்பில்லை.

செக்காலைக்காரன்:

ஹவில்தார் ஐயா, நீங்கள் கூட இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா ஆறடி, நான் ஐந்தடி நாலு அங்குலம். அவர் நின்றுதான் சுடுவார். வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம், இரண்டாவது குண்டும் நடுவில்தான் விழுந்திருக்கிறது, அப்புறம் போய்ப் பார்த்தோம். முகத்தில் அடிபட்டும் குறி எப்படித் தப்பவில்லை?

இயற்பியல் வாத்தியார், தேவகோட்டை:

குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றுக் கூட. அதற்குள் ரைஃபிள் பின்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிகம். உங்கள் புருவத்தில் ஸ்கோப் படும்போது குண்டு எங்கோ போய்விட்டது. அதனால் நல்ல குறி விழுந்தது என்பதை வைத்து நிலை சரியாக இருந்தது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

ஏர்கன் பிரியன்:

அண்ணே, ஒரு கேள்வி. அந்த ஸ்கோப் புதிதாக அதற்கென்றே வாங்கியதா, இல்லை வேறு எதிலிருந்தோ கழற்றி மாட்டியதா? கேட்கக் காரணம் இருக்கிறது. நான் தோட்டத்தில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் டப்பா சுடுகிறவன். ஏர்கன் ஸ்கோப்புகள் சிலவற்றில் ஐ ரிலீஃப் மூன்று அங்குலத்துக்கும் கீழே இருக்கும், ஏர்கன்னுக்கு அது போதும். அதையே பெரிய ரைஃபிளில் மாட்டினால் ஆபத்து.

அதோடு ஸ்பிரிங் ஏர்கன்னில் நடக்கிற ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அது இரண்டு தடவை உதைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் எகிறும். இரண்டாவது எகிறலில் துப்பாக்கி முன்னால் போகிறது, ஸ்கோப் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது, அதனால் திருகு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்கோப் மயிரிழை மயிரிழையாகப் பின்னால், நம் கண்ணை நோக்கி, ஊர்ந்து வரும். எனக்கு இருநூறு முந்நூறு சூட்டில் அரை அங்குலம் வந்திருந்தது, கவனிக்கவே இல்லை. ஒருநாள் மூக்குத்தண்டில் இடித்துக் கண்ணாடியின் மூக்குப்பிடி குத்திக் காயம். ஏர்கன்தானே என்று அலட்சியமாக இருந்தேன். இப்போது பின்னால் ஒரு ஸ்டாப்பர் கட்டை மாட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

தோட்டத்தில் டப்பா சுடுவது சரி தம்பி, பின்னால் மண்மேடு இருக்கிறதா பாருங்கள், பறவை பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிற ஜனங்கள் நம் பக்கத்து ஜனங்கள்.

செக்காலைக்காரன்:

ஏர்கன் தம்பி, சித்தப்பாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். அவருடைய பழைய ஏர்கன்னில் இருந்த ஸ்கோப்தான். "நன்றாகத்தானே இருக்கு, எதற்குப் புதிது" என்று மாற்றி மாட்டியிருக்கிறார்.

கோட்டையூர் மச்சான்:

எல்லாரும் சேர்ந்து அவர் சித்தப்பாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். ஆசையாகக் கூட்டிப் போய் அரிய பொருளைக் கையில் கொடுத்தவர் அவர். .30-06 தோட்டா என்ன விலை விற்கிறது தெரியுமா? நம் பக்கத்து ஆட்கள் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு குத்தியவனையே தூக்கிக் கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கிறவர்கள். நாலு தையலுக்கு இவ்வளவு பேச்சா?

புதுவயல் பெண்:

இதுவரைக்கும் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். கோட்டையூர் அண்ணன் எழுதியதைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் இதே நடந்தது. நான் ஐந்தடி. எனக்குக் கொடுத்தது ஆண்களுக்கென்று நீளமாகச் செய்த கட்டை. கட்டை நீளமாக இருந்ததால் தோளில் சரியாக உட்காரவில்லை, கைச்சதையில் போய் நின்றது, கழுத்தை எட்டி நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்க்க முடிந்தது. சுட்டதும் கட்டை தோளிலிருந்து நழுவி ஸ்கோப் நேராக மூக்குத்தண்டில். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். "லேடீஸுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றார் ஒருவர். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டில் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். மூக்கெலும்பில் மயிரிழை விரிசல் என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, வலி பொறுக்காமல் போனபோது.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குப்பின் ஆறேழு மாதம் விசையில் விரல் வைத்தாலே கண் தானாக இறுக மூடிக்கொண்டது, தோள் முன்னால் வெட்டியது, குண்டு எங்கெங்கோ போனது. "அடி வாங்கினால் கற்றுக்கொள்வாய்" என்கிறீர்கள் அண்ணே. நான் கற்றுக்கொண்டது பயம்தான். தலையை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த அடி எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் செய்தது இதுதான். முதலில் .22 க்குத் திரும்பக் கொண்டுபோனார், ஒரு மாதம் அதிலேயே. அப்புறம் பெரிய ரைஃபிளில் வெறும் டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுக் கிளிக், கிளிக் என்று நூறு தடவை. அப்புறம் எனக்குத் தெரியாமல் அவரே லோடு செய்து கொடுப்பார், சில சமயம் நிஜத் தோட்டா, சில சமயம் டம்மி. டம்மி வந்தபோதும் என் தோள் வெட்டுவதை நானே பார்த்தேன். அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. மெதுவாக நின்றது. கட்டையையும் அறுத்து எனக்கு அளவாக்கி, பின்னால் ரப்பர் வைத்துக் கொடுத்தார்.

செக்காலை அண்ணே, தையல் பிரித்ததும் நேராக .30-06 க்குப் போகாதீர்கள். "பயமில்லை" என்று காட்டுவதற்காகப் போகவே போகாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

அம்மாடி, இதை எழுதினதற்கு உனக்குக் கோடி புண்ணியம். அந்தப் பத்து நாள்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. கேலி பண்ணுவார்களே என்று காயத்தை மறைத்து வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கதவு என்பார்கள், படி என்பார்கள். இப்போது மூச்சு விட ஒன்றும் சிரமமில்லையே?

புதுவயல் பெண்:

இல்லை ஆச்சி, நன்றாக இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

சரி, இப்போது திருத்துகிற வழியைச் சொல்கிறேன். வீட்டிலேயே செய்யலாம், ஒரு தோட்டாகூட வேண்டாம். லைசென்ஸ்தாரர் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, குழலில் தோட்டா உட்காருகிற அறையை விரலால் தொட்டுப் பார்த்து, இன்னொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ரூமிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. குழல் யாரும் இல்லாத பக்கம் பார்த்திருக்கட்டும்.

ஸ்கோப் வளையங்களின் திருகுகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மடங்கை அதிகபட்சத்துக்குத் திருகுங்கள், ஏனென்றால் அங்கேதான் தூரம் குறைவு. நீங்கள் எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையிலேயே உட்காருங்கள், உடுத்துகிற சட்டையோடு. கண்ணை மூடிக்கொண்டு கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தை அது தானாக விழுகிற இடத்தில் பதியுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். கறுப்பு வளையம் தெரிந்தால் தலையை நகர்த்தாதீர்கள், இன்னொருவர் ஸ்கோப்பை மெல்ல மெல்லப் பின்னால் இழுக்கட்டும். முழுப்படம் தெரிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நின்று, உட்கார்ந்து, படுத்து, மூன்று நிலையிலும் பாருங்கள். படுத்துச் சுடுவதாக இருந்தால் அந்த அளவுதான் கணக்கு. கடைசியில் பின்விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிவையுங்கள். .30-06 போன்றவற்றுக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் நான் ஒருவரையும் சுட விடமாட்டேன்.

ஸ்கோப்பின் பின்னால் மாட்டுகிற ரப்பர் வளையம் கிழிசலைக் குறைக்கும், அடியைக் குறைக்காது, அதை நம்பி இடைவெளியைக் குறைக்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், சாதாரணக் கண்ணாடி உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினாலும் சரி, வண்டியில் தூரம் கொண்டுபோனாலும் சரி, மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

கோட்டையூர் மச்சான்:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. தங்கச்சி எழுதியதைப் பலமுறை படித்தேன்.

எனக்கும் ஒரு மச்சினன் இருக்கிறான், வீட்டுக்காரியின் தம்பி. ஆறு வருஷத்துக்கு முன் நான்தான் கூட்டிப் போய் ரைஃபிளைக் கையில் கொடுத்தேன். இடித்தது. நான்தான் முதலில் சிரித்தேன். அதற்கப்புறம் அவன் ரேஞ்சுக்கு வரவே இல்லை, கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். இவனுக்கு ஆர்வம் இல்லை போல என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தான், அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு கண் மங்கலாக இருந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றான். இப்போது பார்வை சரியாக இருக்கிறதாம். சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன்.

தங்கச்சி, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மாப்ளே, உன்னிடமும்தான்.

புதுவயல் பெண்:

அண்ணே, டாக்டர் என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.

செக்காலைக்காரன்:

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கண் டாக்டரும் பார்த்துவிட்டார், ஆச்சி சொன்ன மாதிரி சொட்டு விட்டு விரித்துப் பார்த்தார், உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுப் பட்டாலையில் ரைஃபிளை வைத்து ஹவில்தார் ஐயா சொன்ன வரிசைப்படியே செய்தோம். மேகசினைக் கழற்றி, அறையை நானும் தொட்டேன், அவரும் தொட்டார். தோட்டாப் பெட்டி இரண்டாம் கட்டு அலமாரியில் பூட்டி இருந்தது. முன்பு இருந்த இடத்திலேயே ஸ்கோப்பை வைத்து, நான் மேசையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, சித்தி தையல் டேப்பை வைத்து அளந்தார்கள். நாலரை சென்டிமீட்டர். சித்தப்பா டேப்பை வாங்கி அவரே ஒருமுறை அளந்தார். அதே நாலரை. ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த ஸ்கோப்பை மூன்றரை அங்குல இடைவெளி வருகிற மாதிரி முன்னால் தள்ளினால் எனக்குப் படம் பாதிதான் தெரிந்தது. கழற்றி ஏர்கன்னுக்கே திரும்பப் போட்டுவிட்டோம். நாலு அங்குல ஐ ரிலீஃப் உள்ளதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். அது வருகிறவரை .22 தான், வருகிற மாதத்திலிருந்து.

ஏர்கன் தம்பி, வளையத் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும்? பயந்துபோய் அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும் என்கிறார் சித்தப்பா.

ஏர்கன் பிரியன்:

அவர் சொல்வது சரி அண்ணே. பெரும்பாலும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டு போதும், ஸ்கோப்போடு வருகிற தாளில் போட்டிருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். அளவு காட்டுகிற டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நல்லது. ஒரே திருகை முழுசாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் சித்தியிடம் நெயில் பாலிஷ் வாங்கி, வளையமும் குழாயும் சேருகிற இடத்தில் இரண்டையும் தொட்டு ஒரு சின்னக் கோடு போடுங்கள். ஸ்கோப் அரை மில்லிமீட்டர் ஊர்ந்தாலும் கோடு பிரிந்து தெரியும். ஒவ்வொரு தடவையும் சுட உட்காருவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுங்கள். சிவப்பு கிடைத்தால் சிவப்பு, கறுப்புக் குழாயில் நன்றாகத் தெரியும்.